சரை, கொப்பி, பில் துண்டு: வாழைச்சேனையில் எடுத்த ஒரு தாள் படம்

இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில் உள்ள வாழைச்சேனையில் ஒரு வீட்டு விறாந்தையில் வைத்து எடுத்து முடித்த மூன்று நிமிடப் படம் ஒன்றைப் பற்றிய ஆய்வு இது. படத்தில் ஆட்கள் யாரும் இல்லை, பேச்சும் இல்லை. கொப்பித் தாள், கடலை போட்டுத் தரும் கூம்புச் சரை, பழைய பத்திரிகை, கடைப் பில், பஸ் டிக்கெட், சீமெந்துப் பை என்று தினமும் கையில் பட்டுக் கழிந்துபோகும் தாள்கள்தான் நடிக்கின்றன. முறை ஸ்டொப் மோஷன்: பொருளைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு போட்டோ, இன்னும் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு போட்டோ, கடைசியில் எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டுவது. நொடிக்கு 12 போட்டோ என்ற கணக்கில் மூன்று நிமிடத்துக்கு 2,160 வேண்டும்.

தாளை வெட்டிப் படம் செய்வது பழைய கலை. ஜெர்மனியில் லொட்டே ரைனிகர் 1923இல் தொடங்கி 1926இல் வெளியிட்ட முழுநீளப் படம் கறுப்பு மட்டையில் வெட்டிய உருவங்களால் ஆனது. மேசைமேல் உருவங்கள், அவற்றை நேர் மேலிருந்து பார்க்கும் கமரா என்று அவர் வேலை செய்த ஒழுங்கில்தான் தாள் படம் எடுக்கிறவர்கள் இன்றைக்கும் வேலை செய்கிறார்கள். நம்முடைய பக்கத்திலும் இளையவர்கள் போனில் இதை முயன்று பார்க்கிறார்கள். பெரும்பாலும் பிறிஸ்டல் போட் என்ற தடித்த மட்டைத் தாளை வாங்கி, அதில் ஓர் ஆளை வரைந்து வெட்டி, கையையும் காலையும் அசைப்பார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே தாளுக்கு வேலை கிடையாது. அதே உருவத்தைப் பிளாஸ்டிக்கில் வெட்டினாலும் அதே படம்தான் வரும்.

வாழைச்சேனைக் குழு கேட்ட கேள்வி வேறு. தாள் சுருளும், கிழியும், ஊறும், மஞ்சளாகும். சில தாள் சூடு பட்டால் கறுக்கும். இந்தக் குணங்களையே அசைவாக எடுத்துக்கொண்டால் என்ன? உருவத்தை நாம் அசைப்பதற்குப் பதிலாகத் தாள் தானாக அசைவதைப் பிடித்தால் என்ன? எடிட்டிங்குக்கு உதவி செய்யப் போன நான், இந்தக் கேள்விக்காகவே கடைசிவரை கூட இருந்தேன். அவர்கள் கண்டுகொண்டவற்றில் பல, இங்கே படம் எடுக்க நினைக்கிற மற்றவர்களுக்கும் நேரடியாகப் பயன்படும் என்று உறுதியாக நம்புகிறேன்.

குழுவும் ஆலையும்

குழுவில் நான்கு பேர். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த இரண்டு பொடியன்கள், கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படிக்கும் ஒரு பெண், முன்பள்ளி ஆசிரியை ஒருவர். வீடு அந்தப் பெண்ணின் அம்மப்பாவுடையது. அவர் வாழைச்சேனைக் காகித ஆலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர்.

அந்த ஆலை 1950களில் வந்தது. வைக்கோலை அவித்துக் கூழாக்கித் தாள் செய்த ஆலை. சுற்றிலும் நெல் விளைகிற மண், அதனால் வைக்கோலுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. பிறகு யுத்தம், நட்டம், மூடுவதும் திறப்பதும் என்று அதன் கதை நீண்டுவிட்டது. 2022 மார்ச்சில் இறக்குமதிக்கு டொலர் இல்லாமல் நாட்டில் தாளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போயின. கொப்பி விலை எகிறியது. காகித ஆலை இருக்கிற ஊரிலேயே பிள்ளைகள் பழைய கொப்பிகளில் எழுதாத பக்கங்களைப் பிரித்தெடுத்துத் தைத்துப் பாவித்தார்கள். தாளைப் பற்றி ஒரு படம் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பெண்ணுக்கு விழுந்தது அப்போதுதான்.

கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வயல். வயலிலிருந்து தாள். தாளில் எழுத்து. எழுதி முடிந்த கொப்பி சரையாகிறது. கடை, பில், இரவு. விடியும்போது எல்லாத் தாளும் தண்ணீரில் ஊறித் திரும்பவும் கூழாகிறது. அவ்வளவுதான்.

படப்பிடிப்புக்கு முன்பே இரண்டு சட்டம் போட்டுக்கொண்டார்கள். ஒன்று, தாளில் புதிதாக எதையும் வரைவதோ நிறம் பூசுவதோ இல்லை. ஏற்கெனவே அதில் இருக்கிற கோடு, எழுத்து, கறை, அச்சு மட்டும்தான். இரண்டு, யாருடைய பெயரும் படத்தில் தெரியக்கூடாது. பழைய கடதாசி எடுப்பவரிடம் கிலோக்கணக்கில் வாங்கிய கட்டுகளில் பிள்ளைகளின் பெயர் எழுதிய கொப்பிகளும் ஆஸ்பத்திரி இலக்கம் போட்ட மருந்து உறைகளும் கலந்து வரும். முன்பள்ளி ஆசிரியை அவற்றையெல்லாம் உட்கார்ந்து பிரித்து, பெயர் இருக்கும் மூலைகளை வெட்டி எரித்த பிறகுதான் மற்றவர்கள் தொட்டார்கள். புள்ளி போட்ட விடைத்தாள்களை அவர் எடுக்கவே விடவில்லை. கண்டெடுத்த பொருளில் கலை செய்கிற எவரும் இந்தப் பழக்கத்தை முதல் நாளிலேயே பிடித்துக்கொள்வது நல்லது.

சரி அடையாளம் பறந்த விதம்

படத்தில் எல்லோரும் ஒரு நொடி மூச்சடக்கிப் பார்க்கிற இடம் கொக்குகள் வரும் இடம். நீலக் கோடு போட்ட கொப்பித் தாள்கள் பக்கம் பக்கமாக அடுக்கிக் கிடக்கின்றன. கோடுகள் வரப்பாகத் தெரிகின்றன. அதன்மேல் சிவப்புக் கொக்குகள் கூட்டமாகப் பறக்கின்றன. கொக்கு ஒவ்வொன்றும் ஆசிரியர்கள் திருத்தும்போது போட்ட சரி அடையாளம்.

திருத்திய கொப்பிகளைப் புரட்டிக்கொண்டிருந்த பொடியன்களில் ஒருவன் கவனித்தது இது: ஒரே ஆசிரியர் ஒரே பேனையால் ஒரே பக்கத்தில் போட்டாலும் எந்த இரண்டு சரியும் ஒன்றுபோல் இருப்பதில்லை. முதல் கணக்குக்குப் போட்டது நிமிர்ந்து ஒடுங்கி இருக்கும். பக்கம் முடியும்போது கை அவசரப்பட்டுச் சரி அகலமாகப் படுத்துவிடும். ஒடுங்கியதிலிருந்து அகன்றது வரை வரிசைப்படுத்தி ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் சிறகு விரிகிறது. திருப்பி வைத்தால் மடங்குகிறது.

செய்முறை நுணுக்கமானது. ஒவ்வொரு சரியையும் அது இருக்கும் தாளோடு மூன்று சென்ரிமீற்றர் சதுரமாக வெட்டினார்கள். ஓரங்கள் பின்னணியில் கரைந்துபோக வேண்டுமென்றால் சதுரத்தின் நீலக் கோடும் கீழே கிடக்கும் தாளின் நீலக் கோடும் நேராகச் சேர வேண்டும். அதனால் பின்னணியும் அதே வகைக் கொப்பியாக இருக்க வேண்டியதாயிற்று. அடுத்தது, சரியின் கீழ் முனை, அதாவது பேனை திரும்புகிற அந்தக் கூர், எல்லாச் சதுரத்திலும் ஒரே இடத்தில் விழ வேண்டும். போனில் பாவித்த ஸ்டொப் மோஷன் ஸ்டூடியோ செயலியில் முந்தைய போட்டோ மங்கலாக மேலே தெரியும். அதைப் பார்த்துப் பார்த்து, ஊசி முனையால் சதுரத்தை நகர்த்தி, கூரின்மேல் கூரைப் பொருத்தினார்கள். ஒரு மயிரிழை விலகினாலும் கொக்கு நடுங்கும். ஆறு சரிக்கு ஒரு சிறகடிப்பு. நொடிக்கு 12 போட்டோ ஓடுவதால் நொடிக்கு இரண்டு சிறகடிப்பு. மெதுவாகச் சிறகடித்துப் போகும் கொக்குக்கு அது சரியாகப் பொருந்தியது.

பிழை அடையாளங்களை என்ன செய்வது என்று கொஞ்சம் யோசித்தார்கள். வரிசையாக ஒட்டியபோது அவை முட்கம்பி வேலியாகத் தெரிந்தன. அந்த வேலி படத்தின் அடிப்பக்கமாக எட்டு நொடி ஓடிப்போகிறது. அதற்கு விளக்கமாக எதையும் அவர்கள் சேர்க்கவில்லை. யுத்தம் கண்ட எங்கள் மாவட்டத்தில் அதைப் பார்க்கிற யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

பில்லில் விழுந்த இரவு

கடைகளிலும் வங்கி இயந்திரங்களிலும் வருகிற வழவழப்பான துண்டுகளில் மை கிடையாது. தாளின் ஒரு பக்கத்தில் நிறமற்ற சாயமும் ஓர் அமிலப் பொருளும் பூசியிருக்கும். சூடு பட்டதும் இரண்டும் உருகிச் சேர்ந்து கறுக்கும். அச்சு இயந்திரம் செய்வது சின்னச் சின்னப் புள்ளிகளாகச் சூடு வைப்பது மட்டுமே. கொதிநீரைவிடக் குறைந்த சூடே இதற்குப் போதும். சுடச்சுடப் பிளேன்ரீக் கோப்பையை ஒரு பில்லின்மேல் வைத்துப் பார்த்தால் அடியில் சாம்பல் வட்டம் விழும். எந்தப் பக்கம் பூச்சு என்று தெரியாவிட்டால் நகத்தால் வேகமாகக் கீறினால் போதும், பூச்சுள்ள பக்கத்தில் கறுப்புக் கோடு விழும்.

இதை வைத்துத்தான் இரவுக் காட்சியைச் செய்தார்கள். நீளமான பில்களைப் பக்கம் பக்கமாகப் பரப்பி வைத்தார்கள். அரிசி, பருப்பு, சீனி, மா, பால்மா என்று பெயரும் விலையும் வரிசையாகத் தெரிகின்றன. கொதிநீரில் வைத்தெடுத்த கரண்டிக் காம்பை மேல் ஓரத்தில் அழுத்தி, ஒரு விரலகலம் கறுத்ததும் ஒரு போட்டோ. திரும்பக் கொதிநீர், திரும்ப அழுத்தல், அடுத்த போட்டோ. இருட்டு மேலிருந்து கீழே இறங்கி ஒவ்வொரு விலையாக விழுங்குகிறது. அகலமான இடங்களுக்குக் குறைந்த சூட்டில் வைத்த அயன் பெட்டியைப் பாவித்தார்கள். வட்டமாக வெட்டிய தடித்த மட்டையைப் பில்லுக்கும் அயன் பெட்டிக்கும் நடுவில் வைத்தால் அந்த வட்டத்துக்குள் சூடு போகாது, அது வெள்ளையாகவே நிற்கும். அப்படித்தான் நிலவு வந்தது. நிலவுக்குள் ‘மொத்தம்’ என்ற ஒரு சொல்லும் அதன் தொகையும் மட்டும் மிச்சம் நிற்கிறது. இது திட்டமிட்டு வந்ததல்ல, அந்தப் பில்லின் அந்த இடத்தில் மட்டை விழுந்தது. ஆனால் பார்த்ததும் வைத்துக்கொள்ளத் தெரிந்தது அவர்களின் கெட்டித்தனம்.

ஒருமுறை கறுத்ததை அப்போதே திரும்ப வெளுக்க வைக்க முடியாது. எனவே இந்தக் காட்சிக்கு இரண்டாவது தடவை கிடையாது. ஒவ்வொரு அழுத்தலும் முடிவானது. மற்ற இடங்களில் சிரித்துக் கதைத்து வேலை செய்தவர்கள் இங்கே வாய் திறக்கவில்லை. இந்த வகைத் தாளில் பிஸ்பினோல் என்ற இரசாயனம் சேர்ந்த பூச்சுகள் இருக்கக்கூடும். ஈரக் கையோடும் எண்ணெய்க் கையோடும் தொடக்கூடாது, வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்கவே கூடாது. பில்லில் உள்ள அச்சு வெளிச்சத்தில் மங்கிப்போகும் என்பதால் இந்தக் காட்சியின் மூலத்தைப் பாதுகாத்து வைக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். போட்டோதான் மிஞ்சும்.

தாளின் ஓட்டம்

வயல் முளைக்கும் காட்சிக்காகத் தாள் கீற்றுகள் தாமாகச் சுருள வேண்டும் என்று நினைத்தார்கள். நனைத்துப் பார்த்தால் சில கீற்றுகள் அழகாக வளைந்தன, சில அசையவே இல்லை. ஒரே கொப்பி, ஒரே தாள். காரணம் புரியவில்லை.

சாய்கதிரையில் இருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மப்பா எழுந்து வந்து ஒரு தாளை எடுத்து நீளவாக்கில் கிழித்தார். நேராகக் கிழிந்தது. அகலவாக்கில் கிழித்தார். கோணல் மாணலாகப் போனது. “தாளுக்கும் ஓட்டம் இருக்கு மனே,” என்றார். ஆலையில் கூழ் ஓடும் கம்பி வலைமேல் விழும்போது நார்கள் வலை ஓடும் திசையிலேயே படுத்துவிடும். ஈரம் பட்டால் நார் நீளத்தில் அவ்வளவாக மாறாது, பருமனில் ஊதும். அதனால் தாள் நார் ஓட்டத்துக்குக் குறுக்கே விரியும். ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் அந்தப் பக்கம் விரிந்து, காய்ந்த பக்கத்தை நோக்கி வளையும். கீற்றை நார் ஓட்டத்துக்குக் குறுக்காக வெட்டினால் அது நீளத்தில் சுருண்டு எழும்பும். ஓட்டத்தோடு வெட்டினால் ஓரம் மட்டும் கொஞ்சம் மடங்கிவிட்டு நிற்கும்.

அதற்குப் பிறகு வேலை சுலபமாயிற்று. கீற்றுகளைக் குறுக்காக வெட்டி, தூரிகையால் ஒரு பக்கம் ஈரம் தடவி, கையை எடுத்துவிட்டு, நொடிக்கு ஒரு போட்டோவாகச் செயலியை ஓடவிட்டார்கள். 12 நொடியில் நடந்தது திரையில் ஒரு நொடியில் நடக்கும். நாற்றுகள் எழும்புகின்றன, காயக் காயத் திரும்பச் சாய்கின்றன. ஒருவரும் தொடவில்லை. முழுப் படத்திலும் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான், ஏனென்றால் குழு கேட்ட கேள்விக்கு நேரான பதில் இங்கே கிடைக்கிறது.

தண்ணீரில் விரியும் பூவுக்கும் இதே கணக்குத்தான். இதழ்களை உள்ளே மடித்த தாள் பூவைத் தண்ணீரில் விட்டால் மடிப்பில் நார்கள் ஊதி இதழ் தானாக விரியும். பத்திரிகைத் தாள் தண்ணீரை உடனே குடிக்கும், கண் இமைப்பதற்குள் விரிந்துவிடும். கொப்பித் தாளில் மை ஊறாமல் இருக்கப் பசைப்பொருள் சேர்த்திருப்பார்கள், அது நிதானமாக விரியும். வழவழப்பான சஞ்சிகைத் தாள் அதைவிடச் சுணங்கும். ஒரே நேரத்தில் மூன்றையும் வாளித் தண்ணீரில் விட்டு எடுத்ததில் ஒரு குளமே வெவ்வேறு வேகத்தில் பூத்தது. இதை வீட்டில் யாரும் செய்து பார்க்கலாம், சின்னப் பிள்ளைகளோடு தொடங்க இதைவிட நல்ல காட்சி கிடையாது.

சீமெந்துப் பை இன்னொரு சாதி. நீண்ட நார், தடித்த பழுப்புத் தாள், பல அடுக்கு. கையால் எளிதில் கிழிக்க முடியாது. ஆனால் இறுக்கக் கசக்கிப் போட்டுவிட்டால் முறுமுறுத்துக்கொண்டு மெல்ல மெல்லத் தானே விரியும். அதைப் பக்கவாட்டில் வைத்து எடுத்தபோது தரையிலிருந்து ஒரு மலை எழும்பியது. எங்கள் மாவட்டத்துக் குடும்பிமலை என்று எல்லோரும் ஒரே வாயில் சொன்னார்கள். பையை வெளியில் கொண்டுபோய், மூக்கை மூடிக்கொண்டு நன்றாக உதறித் துடைத்த பிறகுதான் உள்ளே எடுக்க வேண்டும். சீமெந்துத் தூள் கண்ணுக்கும் தோலுக்கும் ஆகாது.

ஈரம், வெளிச்சம், நுளம்பு

தாளின் குணம் வேண்டிய நேரத்தில் உதவுவதுபோல வேண்டாத நேரத்தில் உபத்திரவமும் செய்யும். மாரியில் வாவிக்கரைக் காற்றே ஈரம். இரவு வெட்டி வைத்த தாள் காலையில் அலையலையாக நிற்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காய்ந்து முறுகும். படப்பிடிப்புக்குத் தேவையான தாள்களை முதல் நாளே அதே அறையில் கொடியில் தொங்கவிட்டு அந்த அறையின் ஈரத்துக்குப் பழகவிட்டார்கள். பைண்டர் கம் பாவிக்கவில்லை, தண்ணீர் சேர்ந்த எந்தப் பசையும் மெல்லிய தாளை நெளிய வைக்கும். இருபக்கமும் ஒட்டும் டேப், இல்லாவிட்டால் குச்சிப் பசை. தட்டையாக நிற்க வேண்டிய இடங்களில் கண்ணாடித் தகடு ஒன்றை மேலே வைத்தார்கள். அதில் போனின் நிழலுருவம் தெரியாமல் இருக்க, லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்ட கறுப்பு மட்டையைப் போனுக்குக் கீழே கட்டினார்கள். ரைனிகர் தன் உருவங்களில் மெல்லிய ஈயத் தகடுகளையும் சேர்த்தார், உருவம் படுத்துக் கிடக்கும். இங்கே அதற்குப் பதில் சின்ன நாணயங்களைப் பின்னால் ஒட்டினார்கள்.

வெளிச்சம்தான் இந்த வகைப் படத்தைக் கெடுக்கிற முதல் ஆள். வெயிலில் எடுத்தால் ஒரு முகில் போனாலும் படம் கண் சிமிட்டும். ஜன்னல்களைப் போர்வையால் அடைத்து, இரவில் இரண்டு எல்ஈடி விளக்கில் எடுத்தார்கள். பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டர் ஓடினால் விளக்கு மங்கும். எனவே பவர் பேங்கில் எரியும் விளக்குகளுக்கு மாறினார்கள், மின்வெட்டுக் கவலையும் அதோடு போய்விட்டது. வீட்டு மின்சாரத்தில் எரியும் விளக்கைத்தான் பாவிக்க வேண்டும் என்றால் ஷட்டரை 1/50 அல்லது 1/25 நொடியில் நிறுத்துங்கள். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் அந்த வேகங்களில் விளக்கின் துடிப்பு சமப்பட்டுவிடும். ஷட்டர், ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு), போக்கஸ், நிறச் சமநிலை நான்கையும் தொடக்கத்திலேயே பூட்டிவிட வேண்டும். போன் தானாகச் சரிசெய்ய விட்டால் ஒவ்வொரு போட்டோவும் ஒவ்வொரு நிறம். இன்னொன்று, வெள்ளைச் சேட்டோடு மேசைக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். சேட்டில் பட்ட வெளிச்சம் தாளில் விழும், ஆள் நகர நகர அதுவும் மாறும். குழு முழுக்கக் கறுப்பு உடுத்தியது.

போனுக்கு ஸ்டாண்ட் வாங்கவில்லை. இரண்டு கதிரைகளின் முதுகில் ஒரு பலகை, பலகையில் ஓட்டை, ஓட்டைக்கு மேலே போன். இயர்போன் வயரில் உள்ள பொத்தானால் எடுத்தார்கள், போனைத் தொடத் தேவையில்லை. காற்றாடி போட முடியாது, தாள் பறக்கும். ஜன்னலும் அடைப்பு. வேர்வை தாளில் சொட்டாமல் இருக்க நெற்றியில் துவாய்த் துண்டு கட்டிக்கொண்டு குனிந்து நின்றார்கள். நுளம்புத்திரி கொளுத்தினால் புகை லென்ஸுக்குக் குறுக்கே போகும், அதனால் அதுவும் இல்லை. கடி வாங்கிக்கொண்டு எடுத்தார்கள்.

மத்தளம் முந்தி, படம் பிந்தி

படம் எடுத்த பிறகு இசை போடுவது வழக்கம். இவர்கள் மாற்றிச் செய்தார்கள். கூத்துக்கு மத்தளம் அடிக்கும் ஒருவரை அழைத்து, கதையைச் சொல்லி, மூன்று நிமிடம் அடிக்கச் சொல்லிப் போனில் பதிந்தார்கள். பிறகு ஒலி அலைப் படத்தில் அடி விழும் இடங்களை எண்ணி, ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் எத்தனை போட்டோ என்று கொப்பியில் அட்டவணை போட்டார்கள். நொடிக்கு இரண்டு அடி என்றால் ஒரு அடிக்கு ஆறு போட்டோ. ஆனால் கை வேகம் ஏறும்போது அது ஐந்தாகும், நாலாகும். ஒரே வேகத்தில் தட்டும் மெட்ரோனோம் கருவியை வைத்திருந்தால் இந்த ஏற்றம் கிடைத்திருக்காது. சரை ஒவ்வொரு அடிக்கும் ஒரு சுற்றுச் சுருண்டு கூம்பாவதைப் பார்க்கும்போது கால் தானாகத் தாளம் போடுகிறது.

கூத்திலிருந்து இன்னொன்றும் எடுத்தார்கள். மட்டக்களப்புக் கூத்து வட்டக்களரியில் ஆடப்படுவது, சுற்றிவர ஆட்கள் இருந்து பார்ப்பார்கள். ஒவ்வொரு பாத்திரமும் தன் வரவை ஆடித்தான் களரிக்குள் வரும். மேலிருந்து பார்க்கும் கமராவுக்கு மேசையே வட்டக்களரி. வடமோடி, தென்மோடி என்ற கூத்து வகைகளில் எதையும் நேராகப் போலச் செய்யவில்லை. ஒவ்வொரு தாளுக்கும் ஒரு வரவு மட்டும் வைத்தார்கள். பத்திரிகை விரிந்து விரிந்து சுற்றி வருகிறது. சரை தத்தித் தத்தி வருகிறது. சீமெந்துப் பை உருண்டு வந்து நடுவில் உட்கார்ந்து விரிகிறது. தாளுக்கு முகம் வரையாமலே ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் வந்துவிட்டது.

மற்ற ஒலிகளும் தாளில் செய்தவைதான். கிழிப்பது, கசக்குவது, உதறுவது எல்லாவற்றையும் போர்வைக்குள் போனை வைத்துப் பதிந்தார்கள். வயல் காட்சிக்குக் கொப்பித் தாளை உரசிய சத்தத்தைக் கேட்ட அம்மப்பா, “இது நம்மட தாள் இல்ல, சத்தம் காணாது” என்று சொல்லிவிட்டு, ட்ரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பழைய பேரேட்டை எடுத்து வந்தார். வைக்கோல் தாள். வைக்கோல் நார் குட்டையானது, இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அதனால் தாள் விறைப்பாக இருக்கும், அசைத்தால் கறகறக்கும். இப்போது வருகிற மரக்கூழ்த் தாளுக்கு அந்தக் குரல் இல்லை. இரண்டு தாள்களின் ஒலியையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டோம். வித்தியாசம் யாருக்கும் விளங்கும். படத்தில் நாற்று எழும்பும் இடத்தில் கேட்பது அந்தப் பேரேடுதான்.

எடிட்டிங்

இதில் சொல்ல அதிகம் இல்லை. போட்டோக்களை முழு அளவிலேயே வைத்திருந்து டாவின்ச்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் அடுக்கினோம். 12 மெகாபிக்ஸல் போட்டோ ஏறக்குறைய 4000 பிக்ஸல் அகலம், திரைக்கு வேண்டியது 1920. அதனால் ஓரம் வெட்டவும் மெதுவாக நெருங்கிப் போகவும் இடம் தாராளமாக இருந்தது. மின்னுகிற சில போட்டோக்களைத் தனித்தனியாகச் சரிசெய்தோம். வேறு எந்த எபெக்டும் போடவில்லை.

நின்ற இடமும் நிற்காத இடமும்

வீட்டு முற்றத்தில் வெள்ளைச் சீலை கட்டிப் போட்டுக் காட்டினார்கள். அயலவர்கள், ஆலையில் வேலை செய்த சிலர், பிள்ளைகள் என்று நிறையப் பேர் வந்தார்கள். பிள்ளைகள் கேட்டது ஒன்றுதான்: “கொக்கு என்ட கொப்பியில இருந்தும் வந்ததா?” பெரியவர்கள் பில் காட்சியில்தான் கதைக்கத் தொடங்கினார்கள். விலைகளை வாய்விட்டு வாசித்தார்கள்.

என் பார்வையில் பஸ் டிக்கெட் பகுதி நிற்கவில்லை. டிக்கெட்டுகளை அடுக்கிப் பஸ் செய்து, பஸ் ஓடுகிறது. கெட்டித்தனமாகச் செய்திருக்கிறார்கள், ஆனால் அங்கே டிக்கெட்டின் குணம் எதுவும் வெளிப்படவில்லை, வெறும் சில்லும் பெட்டியுமாகத்தான் இருக்கிறது. பிறிஸ்டல் போட்டில் வெட்டிய பஸ்ஸுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. படம் முழுவதும் தாள் தானாக நடக்கிறது, இந்தப் பத்து நொடியில் மட்டும் கை தெரிகிறது. இதைச் சொன்னபோது குழுவில் இருவர் ஒப்புக்கொண்டார்கள், இருவர் இல்லை என்றார்கள். பகுதி படத்தில் இருக்கிறது.

முடிவைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. பொடியன்களில் ஒருவனுக்குக் கடைசியில் ஆலையின் போட்டோ ஒன்றைக் காட்ட வேண்டும் என்று ஆசை. இது எந்த ஊர்க் கதை என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்டான். நியாயமான கேள்வி. அந்தப் பெண் சம்மதிக்கவில்லை. தாள் அல்லாத ஒன்று உள்ளே வந்தால் அதுவரை பார்த்தது எல்லாம் முன்னுரை ஆகிவிடும் என்றாள். நான் அவள் பக்கம். ஆலையின் பெயரைச் சொல்ல வேண்டும் என்றால் அந்தப் பேரேட்டின் சத்தமே போதுமான சாட்சி. கடைசியில் அம்மப்பாவிடம் போனார்கள். அவர் ஆலையைப் பற்றிப் பேசவே இல்லை. எல்லாம் தண்ணீரில் கரைந்து முடிகிற அந்த முடிவைத்தான் பிடிக்கவில்லை என்றார். கூழ் என்பது முடிவில்லை, ஆலையில் வேலை தொடங்குவதே அங்கேதான் என்றார்.

அதனால் ஊறவைத்த தாள்களை உரலில் இடித்து, தண்ணீரில் கலந்து, துணியில் வடித்துக் காயவைத்து, முரட்டுத் தாள் ஒன்றைச் செய்தார்கள். அதில் பார்த்தால் அச்செழுத்தின் துணுக்கும் சிவப்பு மையின் பொட்டும் ஒட்டிக்கொண்டு தெரியும். அது ஈரத்திலிருந்து காய்ந்து வெளுப்பதை மூன்று நிமிடத்துக்கு ஒரு போட்டோவாக எடுத்து, படத்தின் கடைசி ஆறு நொடியாக வைத்தார்கள்.

அடுத்த படத்துக்கு வேலை தொடங்கியாயிற்று. பெரும்போக அறுவடை முடிந்ததும் வைக்கோல் கொண்டுவந்து சலவைச் சோடாவில் அவித்து, நடிக்கப்போகும் தாளைத் தாங்களே செய்யப் போகிறார்கள். கோஸ்டிக் சோடா வீட்டுக்குள் வரக்கூடாது என்று அம்மப்பா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். கூழை அள்ளுவதற்கு மரச்சட்டம் ஒன்று அடித்து, பழைய ஜன்னல் நுளம்புவலையை இழுத்துக் கட்டி வைத்திருக்கிறார்கள்.